நாலாவது விசிலுக்குள் ஒரு வரி

ராமேசுவரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில், ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். பதினேழு வருஷம் ஆகிவிட்டது. எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் ஏறியது, யாரிடம் எவ்வளவு பாக்கி, ‘நாளைக்குத் தர்றேன்’ என்றவர் அப்படிச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்பதுதான் நான் எழுதுவது. கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்காது, படிக்க முடியும். அதற்குமேல் எழுத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

மூன்று வருஷம் முன்பு ஒரு தடைக்காலத்தில்தான் அழகாக எழுதிப் பார்க்கும் பைத்தியம் பிடித்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசாங்கம் விதித்த தடை. நாட்டுப்படகுகள் போகும், ஆனால் எங்கள் ஐஸ் வியாபாரம் விசைப்படகை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு அரைச் சம்பளம், முழு ஓய்வு. படகுகளைக் கரையேற்றி, இற்றுப்போன பலகையை மாற்றி, பெயின்ட் அடித்து, கடைசியில் பெயரைப் புதிதாக எழுதுவார்கள்.

கம்பெனிக்குப் பின்னால் கரையேறியிருந்த ஒரு படகில் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். நூலை நீலப் பொடியில் புரட்டி, ஒரு முனையைப் பையனிடம் கொடுத்து, விறைப்பாக இழுத்து நடுவில் சுண்டினார். அணியத்தின், அதாவது படகு முகப்பின், வளைந்த பலகையில் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. கீழே இன்னொன்று. அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே தட்டைப் பிரஷ்ஷால் ‘அன்னை’ என்று எழுதினார். பென்சிலால் வரைந்து பார்க்கவே இல்லை. அதுவும் பழைய னை. ன-வோடு ஒட்டிக்கொண்டு தும்பிக்கை வளைந்து நிற்குமே, அது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோதே விடைபெற்ற எழுத்து. “ஏண்ணே இன்னும் இதையே எழுதுறீங்க?” என்று கேட்டேன். “இடம் மிச்சம் தம்பி” என்றார்.

இரண்டு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவர் சொன்னதில் ஒன்று இன்றுவரை உதவுகிறது. “பிரஷ்ஷ இழுக்கணும், தள்ளக் கூடாது. தள்ளினா முடி பிரிஞ்சிரும், கோடு கெட்டுரும்.” பேனாவுக்கும் அதேதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்றிரவே செல்போனில் தேடி, பைலட் பேரலல் பேனா ஒன்று வாங்கினேன். 2.4 மி.மீ. அளவு. சாதாரண நிப் இருக்கும் இடத்தில் இரண்டு மெல்லிய உலோகத் தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவிலிருந்து மை இறங்கும். பட்டையாக எழுதும், பக்கவாட்டில் இழுத்தால் மெல்லிய கோடு வரும். ஒரு கோட்டுக்குள்ளேயே தடிப்பும் மெலிவும் தானாக வந்ததைப் பார்த்தபோது, நாற்பது வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டவன்போல இருந்தது எனக்கு.

அந்தத் தடைக்காலம் முழுக்க தினமும் இரண்டு மணி நேரம் எழுதினேன். மூன்று நோட்டு முடிந்தது. மகள் பெயர், மனைவி பெயர், திருக்குறள், பஸ் ஸ்டாண்டில் பார்த்த விளம்பரம் என்று எதையும் விடவில்லை. ‘இனி இதுதான் நம் வாழ்க்கை’ என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 12ஆம் தேதியிலிருந்தே ஐஸ் ஏற்ற வரிசை கட்டிவிட்டார்கள். 15ஆம் தேதி படகுகள் போயின. அதன்பிறகு பேனாவை நான் தொட்டது செப்டம்பரில். மூடியைத் திறந்தால் மை பொருக்காகக் காய்ந்து கிடந்தது.

என் தப்பு எங்கே என்று புரிய ஒரு வருஷம் ஆனது. சும்மா இருக்கும் நாட்களின் அளவை எடுத்து ஒரு பழக்கத்தைத் தைத்துவிட்டு, வேலை நாட்களுக்கு அதைப் போட்டுவிடப் பார்த்தேன். எப்படிப் பொருந்தும்? அந்த ஒரு வருஷத்தில் நான் செய்து பார்க்காத நேரம் இல்லை. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தேன். நாள் முழுக்க ‘எத்தனை பார், எத்தனை பார்’ என்று கத்திய ஆள், பத்து மணிக்கு ட-வுக்கும் ப-வுக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதுவான். ஒரு நாள் பேனாவோடு தூங்கிப்போய், வேட்டியில் விழுந்த நீலம் இன்னும் போகவில்லை. காலை ஐந்து மணி என்றார்கள். விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். அந்த நாட்களில் நாலு மணிக்கே நான் கம்பெனியில் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு எழுந்திருக்க உடம்பு ஒத்துக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை? கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று ராமநாதபுரம் மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை சும்மா வீட்டில் இருப்பவன் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

‘தினமும் ஒரே நேரத்தில் உட்கார்’ என்று சொல்பவர்கள் எல்லோரும் பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் கடிகாரத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. கச்சான் காற்று பலமாக அடித்தால் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்க மாட்டார்கள், அன்றைய வேலை நாளைக்குப் போகும். நாளைக்கு இரட்டை வேலை.

வழி கீழக்கரையில் கிடைத்தது, தற்செயலாக.

கூட வேலை பார்க்கும் நண்பர் அந்த ஊர்க்காரர். நான் பட்டை நிப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, “எங்க மாமா ஒருத்தர் அரபு எழுத்து எழுதுவாங்க, வாங்க காட்டுறேன்” என்று அழைத்துப் போனார். மாமாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. நாணலைச் சீவிய கலம்தான் அவர் பேனா. முனையைச் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு கீறல். அரபும் எழுதுவார், அரபுத்தமிழும் எழுதுவார். அரபுத்தமிழ் தெரியாதவர்களுக்கு: மொழி நம் தமிழ்தான், எழுத்து அரபு. அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்கு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டி வைத்து அமைத்துக்கொண்டார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் எழுதியவர்களில் பெரியவர்.

மாமா முதலில் கலத்தைத் தாளில் வைத்து ஒரு புள்ளி இட்டார். சாய்ந்த சதுரமாக விழுந்தது. அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. அந்தப் புள்ளி அடுக்குக்குப் பக்கத்தில் அரபின் முதல் எழுத்தான அலிஃப் ஒன்றை இழுத்தார். எழுத்தின் உயரம் இத்தனை புள்ளி, வளைவின் அகலம் இத்தனை புள்ளி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு முக்லா என்ற அமைச்சர் வகுத்த முறையாம் அது. “கண்ணை நம்பாதீங்க தம்பி, கலத்தை நம்புங்க” என்றார். கணக்கப்பிள்ளையிடம் வந்து கணக்கு பேசினால் விடுவேனா? அன்றே என் தமிழ் எழுத்துகளை நிப்பின் அகலத்தால் அளக்க ஆரம்பித்தேன். அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நான் கேட்ட கேள்வி வேறு. “தினமும் எவ்வளவு நேரம் எழுதுவீங்க மாமா?”

“விடிகாலை சுபுஹு தொழுதுட்டு வந்து உக்காருவேன். உள்ளேருந்து டீ வரும். டீ வந்துட்டா கலத்தை வச்சிருவேன்.”

“பாதி எழுத்துல டீ வந்தா?”

“பாதி எழுத்துல வச்சிருவேன். நாளைக்கு எங்க ஆரம்பிக்கணும்னு தேட வேண்டாம்ல?”

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு மணி இல்லை. ஆரம்பிக்க ஒன்று இருக்கிறது, முடிக்க ஒன்று இருக்கிறது. இரண்டும் அவர் எழுதாவிட்டாலும் நடக்கிற காரியங்கள். எனக்கு அப்படி என்ன இருக்கிறது?

குக்கர் இருந்தது.

மனைவி காலை ஆறே முக்காலுக்கு ராமநாதபுரம் பஸ் ஏறிவிடுவார், அங்கே ஜவுளிக்கடையில் வேலை. படகு இல்லாத நாட்களில் மகளைப் பள்ளிக்கு அனுப்புவது என் பொறுப்பு. சோற்றுக்குக் குக்கரை ஏற்றிவிட்டு, நாலு விசில் வரும்வரை அடுப்படி வாசலில் நின்று செல்போன் பார்ப்பேன். ஒரு நாள் மணி பார்த்தேன். தீயைப் பொறுத்து 12 நிமிஷம், 13 நிமிஷம். குக்கரை ஏற்றினால் பேனா திறக்க வேண்டும், நாலாவது விசிலில் மூட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நேரம் மாறினாலும் பரவாயில்லை, சோறு வடிக்காத நாள் நம் வீட்டில் கிடையாது.

முதல் வாரமே தோற்றேன். காரணம் வேடிக்கையானது. பேனா பீரோவில், தாள் மகளின் மேஜையில், ஸ்கேல் எங்கேயோ, அடியில் வைக்கும் அட்டை கட்டிலுக்குக் கீழே. எல்லாவற்றையும் எடுத்து வைத்து, தாளில் பென்சிலால் கோடு போட்டு முடிக்கும்போது மூன்றாவது விசில் அடித்துவிடும். நேரம் இல்லை நேரம் இல்லை என்று ஒரு வருஷம் புலம்பினேனே, அதில் பாதி இந்தத் தேடலில்தான் போயிருக்கிறது.

பிறகு செய்தது இதுதான். ஒரு பழைய ஒட்டுப்பலகையை, ஜன்னல் திண்டில் சாய்த்து, கீழே இரண்டு ஆணியில் நிற்கிற மாதிரி நிரந்தரமாக வைத்துவிட்டேன். சாய்வுப் பலகையில் எழுதினால் கழுத்து குனியாது, பட்டை நிப்பிலிருந்து மையும் ஒரே சீராக இறங்கும். அதன்மேல் கறுப்பு மையில் தடித்த கோடுகள் போட்ட ஒரே ஒரு தாள், நான்கு மூலையிலும் டேப் ஒட்டி. எழுதும் தாளை அதன்மேல் வைத்தால் அடிக்கோடு மங்கலாகத் தெரியும். தனியாகக் கோடு போட வேண்டியதில்லை. 75 ஜிஎஸ்எம் தாள் வரைக்கும் தெரியும், அதற்கு மேல் தடித்தால் தெரியாது. பேனா ஒரு பிஸ்கட் டப்பாவில், பலகைக்குப் பக்கத்திலேயே. காற்று அடிக்கும் மாதங்களில் தாள் பறக்காமல் இருக்க வலையில் கட்டும் இரண்டு ஈயக் குண்டு. எங்கள் ஊரில் பேப்பர் வெயிட்டுக்குப் பஞ்சமில்லை.

அப்புறம் இன்னொரு காரியம்: என்ன எழுதுவது என்பதை முந்தின இரவே தாளின் மூலையில் பென்சிலால் குறித்துவிடுவேன். ஒரே ஓர் எழுத்து. காலையில் யோசிக்க உட்கார்ந்தால் திருக்குறள் எழுதலாமா, பாரதியார் எழுதலாமா என்று மனம் அலையும். இரண்டு விசில் போய்விடும்.

கருவியிலும் கஞ்சத்தனம் வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். நடுவில் ஆசைப்பட்டு, மையில் தொட்டு எழுதும் நிப்புகள் வாங்கினேன், பேரலல் பேனாவை விட அவை நுணுக்கமாக எழுதும் என்றார்கள். உண்மைதான். ஆனால் மை பாட்டில் திறக்க வேண்டும், தொட வேண்டும், சொட்டாமல் உதற வேண்டும், எழுதி முடித்து உடனே கழுவித் துடைக்க வேண்டும். நாலாவது விசிலுக்கு ஓடினவன் துடைக்க மறந்தான். எங்கள் கடற்காற்றில் இரும்புக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டே நாளில் நிப் செம்பழுப்பாகத் துருவேறிவிட்டது. இப்போது தொட்டு எழுதும் நிப்புகள் அரிசி போட்ட டப்பாவில் தூங்குகின்றன, தடைக்காலத்தில் மட்டும் எழுந்து வரும். அன்றாடத்துக்கு மூடியைத் திறந்ததும் எழுதுகிற பேனாதான் சரி.

அந்தப் பேனாவிலும் ஒன்றைக் கொன்றிருக்கிறேன். கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கட்டும் என்று அதற்குள் இந்தியன் இங்க் ஊற்றினேன். அதில் அரக்கு கலந்திருக்கும், காய்ந்தால் தண்ணீரில் கரையாது. இரண்டு நாள் வெந்நீரில் ஊறவைத்தும் திறக்கவில்லை. பேனாவுக்குள் பேனா மை மட்டும் ஊற்றுங்கள். இந்தியன் இங்க் தொட்டு எழுதும் நிப்புக்கும் பிரஷ்ஷுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு ஒரு தொல்லை வரும். தாள் ஈரக் காற்றைக் குடித்துவிட்டு, எழுதின கோடெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி முடி விடும். கை நடுங்குகிறதோ என்று நான் இரண்டு வாரம் கவலைப்பட்டேன். தாள் கட்டைத் தகரப் பெட்டியில், செருப்பு டப்பாக்களில் வரும் அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைத்தால் பாதி சரியாகும். மீதிக்கு, சாக்பீஸ் தூளைப் பஞ்சில் தொட்டுத் தாளில் லேசாகத் தடவி, உதறிவிட்டு எழுதலாம். நிறையத் தடவினால் தூள் நிப்பை அடைத்துவிடும்.

சரி, அந்த 12 நிமிஷத்தில் என்ன எழுதுவது? இதில்தான் நான் மிகவும் ஏமாந்தேன். முதல் தடைக்காலத்தில் மூன்று நோட்டு எழுதியும் என் எழுத்து ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை. அழகான வாசகங்களாகத் தேர்ந்து எழுதினால், வாசகத்தின் அழகை நம் எழுத்தின் அழகு என்று நினைத்துக்கொள்வோம். கண் மயங்கிவிடும்.

தமிழில் 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். கோடுகளாகப் பிரித்தால் சில வடிவங்கள்தான். நேராக இறங்கும் கோடு, படுக்கைக் கோடு, வளைவு, சுழி, கொம்பு, கால். நான் ட-வில் தொடங்கினேன். ஒரு நேர்க்கோடு, ஒரு படுக்கைக் கோடு, அவ்வளவுதான். நிப்பின் பட்டை முனையை எழுதும் கோட்டுக்கு 30 பாகை சாய்த்துப் பிடித்தால் நேர்க்கோடு தடித்தும் படுக்கைக்கோடு மெலிந்தும் வரும். 45 பாகை ஆக்கினால் இரண்டும் ஒரே தடிமனாகிவிடும். ஒரு வரி முழுக்க ட எழுதினால், எந்த இடத்தில் மணிக்கட்டு திரும்பிவிட்டது என்று கோட்டின் தடிமனே காட்டிக்கொடுக்கும். ட ஒரு வாரம், ப ஒரு வாரம், ம ஒரு வாரம். அலுப்பாக இருக்காதா என்று கேட்பார்கள். 12 நிமிஷத்தில் யாருக்கும் அலுக்காது. இரண்டு மணி நேரம் எழுதும்போதுதான் அலுத்தது.

பிரச்சினை சுழியில் வந்தது. பட்டை நிப் சொந்தமாகப் பிறந்த ஊர் வேறு. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. கீறலில் தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை, ஒரே கனம். பந்துமுனைப் பேனாவில் ண எழுதும்போது கையை எடுக்காமல் சுழித்து, வளைத்து, ஏறி இறங்கி முடித்துவிடுகிறோம். பட்டை நிப்பில் அப்படிச் செய்தால் சுழியின் மேலேறும் பாதியில் நிப் தள்ளப்படுகிறது. தாளைக் கீறுகிறது, மை தெறிக்கிறது. ‘இழுக்கணும், தள்ளக் கூடாது.’ ஆர்ட்டிஸ்ட் அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. சுழியை இரண்டாக வெட்டினேன். மேலிருந்து இடப்பக்கமாக ஒரு பிறை, பேனாவை எடுத்து, மறுபடி மேலிருந்து வலப்பக்கமாக ஒரு பிறை. இரண்டும் கீழே சேர வேண்டும். சேராது. இரண்டு மாதம் சேரவில்லை.

கீழக்கரை மாமாவின் புள்ளிக் கணக்கு இங்கேதான் கைகொடுத்தது. ஆங்கில எழுத்துக்கு நிப்பின் அகலத்தைப்போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு உயரம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதே அளவில் ண எழுதினால் சுழிக்குள் வெளிச்சமே இருக்காது, மை அப்பிய உருண்டைதான். ஏழு மடங்கு உயரம் வைத்ததும் சுழி மூச்சுவிட்டது. இதில் ஒரு நல்ல வசதியும் கிடைத்தது. மகளின் கோடு போட்ட நோட்டில் வரிக்கு வரி 8 மி.மீ. இரண்டு வரி சேர்த்தால் 16. என் 2.4 மி.மீ. பேனாவுக்கு அது ஏழு மடங்கை ஒட்டி வருகிறது. பயணத்தில் சாய்வுப் பலகை இல்லாதபோது அந்த நோட்டே போதும். கு, சு, பு-வெல்லாம் கீழே இறங்கும், கி, வி-யின் மேல்விலங்கு மேலே ஏறும், அதனால் ஒவ்வொரு இரண்டு வரிக்கும் ஒரு வரி சும்மா விடுங்கள்.

பேனா வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. மகள் இரண்டு பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு எழுதுகிறாள். இரண்டு முனையும் இரண்டு கோடு போடும், நடுவில் வெள்ளை. சாய்வு எங்கே தப்புகிறது என்று பேனாவைவிட அதில் நன்றாகத் தெரிகிறது. அவள் சுழி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அதை இங்கே விரிவாகச் சொல்ல விருப்பமில்லை.

படகு நாட்களில் குக்கர் இல்லையே என்று கேட்கலாம். அந்த நாட்களில் அத்தை சமைப்பார். நான் நாலு மணிக்குக் கம்பெனியில் பேரேட்டைத் திறப்பேன். ஒவ்வொரு நாளும் புதுப் பக்கத்தின் தலையில் தேதியும் கிழமையும் எழுதியாக வேண்டும். அதைப் பட்டை நிப்பில் எழுதத் தொடங்கினேன். முதல் நாள் முதலாளி பார்த்துவிட்டு, “என்னய்யா, கணக்கு நோட்டா கல்யாணப் பத்திரிகையா?” என்றார். நான் உற்சாகத்தில் படகுப் பெயர்களையும் அப்படியே எழுதப்போக, வெளியே வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். தலைப்போடு நிறுத்திக்கொண்டேன். ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் வருஷத்துக்கு எத்தனை ‘கிழமை’! ழ வேறு எங்கேயும் எனக்கு அவ்வளவு அடங்கி வந்ததில்லை. தேதியோடு இருப்பதால் பழைய பக்கங்களைப் புரட்டினால் போதும், எந்த மாதத்தில் ழ-வின் வால் நேராயிற்று என்று தெரிந்துவிடும். முன்னேற்றத்தைப் பார்க்கத் தனி நோட்டு வேண்டியதில்லை. உங்களுக்குப் பேரேடு இல்லாவிட்டால் பால் கணக்கு இருக்கும், காலண்டர் இருக்கும், பிள்ளைகளின் டிபன் டப்பாவில் ஒட்டும் பெயர் இருக்கும்.

விட்டுப்போன நாட்களை நான் ஈடுகட்டுவதில்லை. முன்பு கட்டிப் பார்த்தேன், மூன்று நாள் விட்டதற்கு ஞாயிறன்று முக்கால் மணி என்று. கடன் ஏறிக்கொண்டே போனதும், கடன்காரனைப் பார்த்தவன்போலப் பலகையைப் பார்க்காமல் சுற்றிப் போவேன். ரேஷன் கடையில் போன மாதச் சர்க்கரையை இந்த மாதம் தருவார்களா? போனது போனதுதான்.

எழுத வாய்க்காத நாளில் பார்க்கவாவது செய்கிறேன். மண்டபத்திலிருந்து ராமேசுவரம் போகும் பஸ்ஸில் பாம்பன் பாலத்தில் ஏறும்போது எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். நான் பாலம் முடிந்ததும் வரும் கடைப் பலகைகளுக்காகக் காத்திருப்பேன். கையால் எழுதிய பலகைகள் குறைந்துகொண்டே வருகின்றன, எல்லாம் பிளக்ஸ். ஒன்றிரண்டு இன்னும் இருக்கின்றன. ‘மீன் வலைகள் கிடைக்கும்’ என்று ஒரு பலகை. அதில் அந்த லை-யை யார் எழுதினாரோ, அவரைப் பார்த்தால் காலில் விழலாம்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எழுதுவது தெரிந்துவிட்டால் உறவு முறையில் ஒருவர் நிச்சயம் வருவார். எனக்குச் சித்தப்பா வந்தார். மகள் கல்யாணத்துக்கு 300 பத்திரிகைக் கவர், “சும்மா பேர் மட்டும் எழுதிக் குடுப்பா.” தட்ட முடியவில்லை. இருபது நாள், காலையும் இரவும். முடிந்தபோது என் எழுத்து முன்பைவிடக் கெட்டிருந்தது. வேகத்துக்காகச் சுழியைத் தள்ளி முடிக்கும் பழைய கள்ளத்தனம் திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மாதம். இப்போது கேட்டால் பத்துக் கவருக்குமேல் இல்லை, அதுவும் குக்கர் நேரத்தில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கல்யாணத்தில் பரிமாறும்போது எனக்கு அப்பளம் வரவில்லை. தற்செயலாகக்கூட இருக்கலாம்.

இந்த வருஷத் தடைக்காலத்தை வேறு மாதிரி கழித்தேன். 12 நிமிஷத்தை நீட்டவில்லை, அதை அப்படியே விட்டுவிட்டு, வேலை நாளில் செய்ய முடியாத காரியங்களைத் தனியாகச் செய்தேன். மூங்கில் சிம்பைச் சீவிப் பேனா செய்தேன், ஏழில் இரண்டு எழுதியது. துருப்பிடித்த நிப்புகளை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினேன். கீழக்கரைக்கு இரண்டு முறை போனேன். மீதி நேரமெல்லாம் கம்பெனிக்குப் பின்னால், ஆர்ட்டிஸ்ட் அண்ணனுக்கு நூல் பிடித்தேன். பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், ‘அன்னை வேளாங்கண்’ வரை எழுதிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். “மிச்சத்த நீ போடு.”

“அண்ணே, படகுக்காரர் பார்த்தா...”

“அவர் ணி-ய பாக்கப் போறாரா? நம்பர் சரியா இருக்கான்னு பாப்பாரு. போடு.”

தாளில் ஏழு மடங்கு என்று அளந்த கைக்கு, அரை அடி உயரத்தில் வளைந்த பலகையில் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? எனாமல் பெயின்ட் பிரஷ்ஷில் தேனாகத் தொங்கியது. மேலிருந்து இடப்பக்கம் ஒரு பிறை. எடுத்து, மறுபடி மேலிருந்து வலப்பக்கம். சேர்ந்த மாதிரிதான் இருந்தது. வளைவுகளை இழுத்து, மேல்விலங்கைப் போட்டுவிட்டு இறங்கினேன். அண்ணன் தள்ளி நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, மேல்விலங்கின் நுனியை மட்டும் ஒரு துடைப்புத் துடைத்தார்.

இப்போது அந்தப் படகு வாரத்தில் மூன்று நாள் ஐஸ் எடுக்க வருகிறது. நேற்று விடிகாலையும் வந்து, என் ஜன்னலுக்கு நேராக அணியத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. ணி-யில் பிறை இரண்டும் கீழே சேருகிற இடத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு மயிரிழை மரம் தெரிகிறது. தூரத்தில் நின்று பார்த்தபோது தெரியவில்லை.

“கணக்கண்ணே, எத்தனை பாருன்னு எழுதினீங்க?” என்று கீழேயிருந்து ஒருவர் கத்தினார். நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.